தூரிகையால் மர அச்சு: வாசகர் கேள்விகள்

ஜப்பானிய மர அச்சு நிலக்காட்சிகளைக் கையால் வரைந்து பிரதியெடுக்கும் ஓவியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’யைக் கையால் வரைந்த பிரதி ஒன்று பரிசாக வந்தது. ‘மூல ஓவியத்தைப் பார்த்து வரைந்தது’ என்று கூடவே ஒரு சீட்டு. அந்த மூல ஓவியம் எங்கே இருக்கிறது? என்னிடம் இருப்பது உண்மையிலேயே கையால் வரைந்ததுதானா?

பதில்: மூல ஓவியம் என்று ஒன்று எங்குமே இல்லை. அது தொலைந்துபோகவில்லை, வேலை நடக்கும்போதே அழிந்துவிட்டது. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுச் சித்திரம் போட்டுக் கொடுப்பார். அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்குபவர் குடைந்தெடுப்பார். பலகை தயாராகும்போது தாள் இருக்காது. அப்புறம் வண்ணங்களுக்கு வேறு அச்சுக்கட்டைகள், அச்சடிக்க வேறொரு கைவினைஞர், பணம் போட ஒரு பதிப்பாளர். 1830-களின் தொடக்கத்தில் நிஷிமுராயா யோஹாச்சி வெளியிட்ட ‘ஃபுஜி மலையின் 36 காட்சிகள்’ தொடரில்தான் இந்த அலை வந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் இருப்பவை அப்படி அச்சான தாள்கள்தான். ஏறக்குறைய 25-க்கு 37 சென்டிமீட்டர். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் ‘இவ்வளவு சின்னதா!’ என்பார்கள்.

ஆக, சீட்டில் எழுதியிருப்பது தவறு. ஆனால் படம் நல்ல படமாக இருக்கலாம். ஒரு லென்ஸை எடுத்து வானத்தைப் பாருங்கள். பொடிப்பொடியாகப் பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் இயந்திர அச்சு. தூரிகை நின்ற இடத்தில் வண்ணம் தேங்கி விளிம்பு கருத்திருந்தால் கையால் வரைந்தது. மர அச்சை அதன் முதுகே காட்டிக்கொடுக்கும். ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பதால், வண்ணம் நாருக்குள் இறங்கிப் பின்னாலும் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். அலையின் வெளிக்கோடு என்ன நிறம்? இந்தத் தொடரின் முதல் 36 படங்களுக்கும் கோடு நீலம். பிறகு சேர்த்த 10 படங்களில்தான் கருப்பு. பிரதி எடுக்கிறவர்களில் பலர் பழக்கத்தில் கருப்பு மையால் போட்டுவிடுகிறார்கள். அங்கேயே அலையின் குளிர்ச்சி போய்விடுகிறது. உங்கள் படத்தில் கோடு கருநீலமாக இருந்தால், வரைந்தவர் உற்றுப் பார்த்து வரைந்திருக்கிறார். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்னொரு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் பாலத்து மழையை வாட்டர்கலரில் முயன்றேன். மேலே கருமேகம் திட்டுத்திட்டாக வருகிறது. மழைக் கோடுகளோ கம்பி கட்டியதுபோல் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: 1857-இல் வந்த படம் அது. ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ தொடரில் (எடோ என்பது இன்றைய டோக்கியோ) எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். சுமிதா ஆற்றின் மேல் மரப்பாலம், திடீர் மழை, குடைக்குள்ளும் பாய்க்குள்ளும் ஒடுங்கி ஓடும் மனிதர்கள். கீழே ஒருவர் மட்டும் தன் பாட்டுக்குத் தெப்பம் தள்ளிக்கொண்டு போகிறார்.

முதலில் மேகம். அந்த நிறச்சரிவை ‘பொகாஷி’ என்பார்கள். அச்சடிப்பவர் கட்டையை ஈரமாக்கி, ஓர் ஓரத்தில் வண்ணத்தை வைத்து, தூரிகையால் மறுபக்கம் தேய்த்து மங்க வைப்பார். பிறகுதான் தாள் மேலே வரும். அதாவது நிறம் மங்குவது மரத்தில், தாளில் அல்ல. நாம் அதைத் தாளிலேயே செய்யப் பார்க்கிறோம், கஷ்டம் அங்கேதான். தாளை இரண்டு பக்கமும் நனைத்துப் பலகையில் படியவிடுங்கள். ஈரத்தின் பளபளப்பு அடங்கும்வரை காத்திருங்கள். அகலமான தட்டைத் தூரிகையை நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு மூலையை மட்டும் வண்ணத்தில் தொட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பு. திருப்தியில்லை என்று பாதி காய்ந்த இடத்துக்குத் தூரிகை திரும்பிப் போனால் திட்டு விழுந்துவிடும். அப்படியே காயவிடுங்கள். மறுபடி நனைத்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஒரே தடவையில் கருமையைக் கொண்டுவர முயலவே வேண்டாம்.

சரி, மழை. நானும் முதலில் ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன். அப்புறம் அச்சின் நல்ல படம் ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் இல்லை. இரண்டு சாய்வுகள் லேசாகப் பின்னிக்கொள்கின்றன. செதுக்கியவர் ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் மரத்தை நீக்கி, மயிரிழை அளவு மேட்டை மட்டும் நிற்க விட்டிருக்கிறார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்குக் கை கூசுகிறது. மற்ற எல்லாம் முடிந்து ஓர் இரவு காய்ந்தபின், எழுந்து நின்று, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள். நீர்த்த சாம்பல் மை போதும். ஒரு சாய்வை முழுக்க முடித்துவிட்டு அடுத்த சாய்வுக்குப் போங்கள். பழைய செய்தித்தாளில் ஐம்பது கோடு இழுத்துப் பழகிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

வான் கோ 1887-இல் இதே படத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஆற்றுநீரில் தூரிகைத் தடத்தை மறைக்காமல் விட்டார், நிறங்களைக் கூட்டினார், சுற்றிலும் வேறு அச்சுகளிலிருந்து ஜப்பானிய எழுத்துகளை எடுத்து ஒரு சட்டமும் போட்டார். ஹிரோஷிகேயின் மழை மாதிரி உங்களுக்கு வராவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். உங்கள் கைக்கு எது வருகிறதோ அந்த மழை வரட்டும்.

கேள்வி: பிரதியில் ஹிரோஷிகேயின் கையெழுத்தையும் முத்திரைகளையும் வரையலாமா?

பதில்: தலைப்புக் கட்டத்தை வரைகிறேன், அது படத்தின் அமைப்பில் ஓர் அங்கம். கையெழுத்தையும் பதிப்பாளர் முத்திரை, தணிக்கை முத்திரைகளையும் விட்டுவிடுகிறேன். அவை அவர்கள் செய்த வேலைக்கு அவர்கள் இட்ட அடையாளம். பின்பக்கம் எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தது, யார் வரைந்தது, எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை என்றால் முன்பக்கம் ஊறி வந்துவிடும்.