பார்த்துக்கொள்கிறவருக்குத் தோப்பை எழுதாதீர்கள், மாதச் சம்பளம் கொடுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 61 வயது. ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பி.எஃப். பென்ஷன் சொற்பம். மகனுக்கு 27 வயது; அறிவுசார் குறைபாடு 75 சதவீதம். தானாகச் சாப்பிடுவான், உடுத்திக்கொள்வான். காசு எண்ணத் தெரியாது. மாதம் 12,000 ரூபாய் அவனுக்குச் செலவாகிறது. மகளைப் போச்சம்பள்ளியில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சொந்த வீடும் வங்கியில் 22 லட்சமும் இருக்கின்றன. காவேரிப்பட்டினம் பக்கத்தில் நானும் தம்பியும் சேர்ந்து வாங்கிய மாந்தோப்பில் என் பங்கு 2 ஏக்கர். பட்டா இன்னும் கூட்டாகத்தான் உள்ளது. குத்தகை வருஷத்துக்குச் சராசரியாக 60,000 வரும். "உங்களுக்குப் பிறகு அவனை நான் பார்த்துக்கிறேன் பெரியப்பா, தோப்பை என் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுங்க" என்கிறான் தம்பி மகன். நாலு வருஷத்தில் கைமாற்றாக 6 லட்சம் வாங்கியிருக்கிறான். திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொண்டு பிள்ளையைக் கைவிட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. ஒரு ஏஜென்ட் சிறப்புக் குழந்தைகளுக்கான யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த) பாலிசி என்று வருஷம் 1 லட்சம் கட்டச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: கைமாற்று கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பயம் வரும்போதெல்லாம் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த 6 லட்சம் வங்கியில் இருந்திருந்தால் 7 சதவீதத்தில் வருஷம் 42,000 வந்திருக்கும். அது உங்கள் மகனுடைய மூன்றரை மாதச் செலவு. தம்பி மகன் கேட்கும் இந்தத் தோப்பும் அதே வரிசையில் அடுத்த கைமாற்றுதான், அளவு மட்டும் பெரிது.

செட்டில்மெண்ட் பத்திரம் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த மூத்த குடிமகனை, அதாவது உங்களை, அது காக்கும். உங்கள் காலத்துக்குப் பிறகு மகன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. தம்பி மகன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் தோப்பை அடமானம் வைத்துக் கடன் முற்றினால்? உங்கள் மகனுக்கு முன்பே அவர் இறந்துபோனால்? அவர் மனைவி மக்கள் தோப்பின் வாரிசுகள். உங்கள் மகனுக்குச் சோறு போடும் கடமை அவர்களுக்கு எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

உயிலே எழுதாமல் விட்டாலும் சிக்கல்தான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு (உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும்). குறைபாட்டைக் காரணம் காட்டி மகனின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் கையெழுத்திட்டு விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. பங்கு இருந்தும் மருந்துச் செலவுக்கு உதவாது. உயிலில் நேரடியாக அவர் பெயருக்கு எழுதினாலும் இதே கதை.

ஆகவே உயிலிலேயே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்துங்கள். உங்கள் மறைவுக்குப் பிறகு தோப்பும் வைப்புப் பணமும் டிரஸ்டிகளிடம் போய், மகனுக்காக மட்டும் செலவாகும். உயிருள்ளபோதே டிரஸ்ட் அமைத்து நிலத்தை மாற்றினால் பதிவும் முத்திரைத்தாள் செலவும் உண்டு. உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். உங்கள் அளவுச் சொத்துக்கு இதுவே போதும். பலன் பெறுகிறவர் மகன் ஒருவரே என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும். நிலத்தை விற்கும் அதிகாரத்தையும், எதற்காக விற்கலாம் என்பதையும் எழுதுங்கள். இது விடுபட்டால் அவசரத்துக்கு நீதிமன்றம் போகவேண்டி வரும்.

டிரஸ்டிகள் இருவர்: மகளும், குடும்பத்துக்கு வெளியே கணக்குத் தெரிந்த ஒருவரும். வங்கியில் இருவர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரவேண்டும். மகன் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்பதில் பலர் தவறுகிறார்கள். அவரைக் கூடவே வைத்துப் பராமரிப்பவருக்கே மிச்சம் முழுவதும் என்று எழுதினால், செலவைக் குறைக்கக் குறைக்க அவருக்கு லாபம். பேரப்பிள்ளைகளுக்கோ, ஒரு பகுதி சிறப்புப் பள்ளிக்கோ எழுதுங்கள்.

தம்பி மகனை ஒதுக்கச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 5,000, பார்த்துக்கொள்ளும் வரை மட்டும் என்று உயிலில் இடம் வையுங்கள். அந்தப் பொறுப்பை அவர் ஏற்றால் அவருக்கு, இல்லையென்றால் ஏற்கும் இன்னொருவருக்கு. தோராயக் கணக்கு: 22 லட்சத்துக்கு வட்டி 1,54,000, குத்தகை 60,000, அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 வீதம் 24,000, மொத்தம் 2,38,000. செலவு 12,000 + 5,000 = 17,000; வருஷத்துக்கு 2,04,000. மிச்சம் 34,000. விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் 17,000 என்பது 34,000 ஆகிவிடும். அதனால் அந்த மிச்சத்தைத் தொடக்கூடாது, தோப்பையும் இழக்கக்கூடாது. உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் உங்களைப் பார்க்கும் டாக்டராக இருந்தால் நல்லது. மகளும் மருமகனும் சாட்சியாக வேண்டாம், பின்னால் சந்தேகம் கிளப்ப அதுவே போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள். உங்கள் மனைவியும் இதே போல் தனி உயில் எழுத வேண்டும். உங்களுக்குப் பின் அவர் கைக்கு வரும் சொத்தை உங்கள் உயில் கட்டுப்படுத்தாது. டிரஸ்டுக்கு பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் தயாராகச் சில மாதம் பிடிக்கும். அதுவரைக்கும் 75,000 ரூபாயை, ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில், மனைவியோடோ மகளோடோ சேர்ந்து வைத்திருங்கள்.

18 வயது தாண்டியதும் பெற்றோர் தாமாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் (இது மத்திய அரசின் அமைப்பு, நீங்கள் உயிலில் ஏற்படுத்தும் டிரஸ்ட் அல்ல) சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), வயதுச் சான்று, புகைப்படம் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பாதுகாவலர் நியமனத்தை இப்போது உங்கள் பெயரில் வாங்கிவிடுங்கள். பாதுகாவலர் நியமனமான 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். பணம் வைத்திருக்கும் டிரஸ்டி ஒருவராகவும் உடனிருந்து பார்க்கும் பாதுகாவலர் இன்னொருவராகவும் இருந்தால் ஒருவரை ஒருவர் கவனிப்பார்கள். பி.எஃப். பென்ஷனில், நிரந்தரமாக முழுமையாக இயலாத பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு. மகனின் பெயரும் சான்றும் பதிவில் இருக்கின்றனவா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள்.

யூலிப் வேண்டாம். 61 வயதில் காப்பீட்டுக் கட்டணம் பிரீமியத்தைத் தின்னும், 5 வருஷம் பணத்தை எடுக்க முடியாது. வரிச்சலுகை என்று ஏஜென்ட் சொல்வது, 80 சதவீதத்துக்குக் குறைந்த குறைபாட்டுக்கு 75,000 ரூபாய்க் கழிவு; அதுவும் பழைய வரி முறையில் மட்டும். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது, கழிவை வைத்து என்ன செய்வது? மருத்துவத்துக்கு நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டைப் பாருங்கள்: சில நூறு ரூபாயில் வருஷம் 1 லட்சம் வரை.

இனி அந்த 6 லட்சம். கைமாற்றுக்குக் கொடுத்த தேதியிலிருந்து 3 ஆண்டுதான் வழக்குப் போடும் காலம். முதல் தவணை ஏற்கெனவே கடந்திருக்கும். பழைய கடனைக் குறிப்பிட்டு, திருப்பித் தருகிறேன் என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், காலம் கடந்த தொகையும் சேர்ந்து செல்லும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு வாங்குங்கள். மாதம் 10,000 வீதம் கொடுத்தால் 5 வருஷத்தில் தீரும். கையெழுத்துப் போட மறுத்தால், அவரை நம்பித் தோப்பைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எப்படியானாலும் உயிலுக்கு முன்பே உட்பிரிவுக்கு மனு கொடுத்து, உங்கள் 2 ஏக்கருக்குத் தனிப்பட்டா வாங்குங்கள்.