கும்பத்துக்கு அதிபதி யார்?

கேள்வி: என் மகன் 1986-ஆம் ஆண்டு ஐப்பசி மாத முதல் வாரத்தில், பிற்பகல் 2.15 மணிக்குச் சென்னையில் பிறந்தான். கும்ப லக்னம். லக்னாதிபதி சனி என்று எங்கள் குடும்ப ஜோதிடர் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மகள், தன் செல்போன் செயலியில் பார்த்துவிட்டு, கும்பத்துக்கு அதிபதி யுரேனஸ் என்கிறாள். மேற்கு மாம்பலத்தில் ஒருவர் ராகுதான் என்று அடித்துச் சொல்கிறார். மகன் வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறான். நான் எந்தக் கிரகத்தைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, விருகம்பாக்கம், சென்னை

பதில்: சனியைத்தான் பார்க்க வேண்டும், அம்மா. பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி லக்னம், அந்த ராசிக்கு உடைய கிரகம் லக்னாதிபதி. அப்படிச் சொல்வதற்கு, பழைய நூலில் எழுதியிருக்கிறது என்பதைவிட நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் நம்முடைய ராசிக் கட்டத்தை வரைந்து, பன்னிரண்டு வீட்டிலும் அதிபதியின் பெயரை மட்டும் எழுதி, மேல்பாதி கீழ்ப்பாதியின் மீது படியும்படி குறுக்கே மடித்துப் பாருங்கள். வலப்பக்கம் கடகத்தின் சந்திரனும் சிம்மத்தின் சூரியனும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவார்கள். மிதுனம் கன்னியின்மேல் விழும், இரண்டுக்கும் புதன். ரிஷபம் துலாத்தின்மேல் விழும், இரண்டுக்கும் சுக்கிரன். மேஷமும் விருச்சிகமும் செவ்வாய்க்கு, மீனமும் தனுசும் குருவுக்கு. கடைசியில் இடப்பக்கம் மிஞ்சும் கும்பமும் மகரமும் சனிக்கு. சூரிய சந்திரர்களிடமிருந்து புறப்பட்டு, சூரியனுக்கு அருகில் சுற்றும் புதனில் தொடங்கி, கண்ணுக்குத் தெரிகிற கிரகங்களில் மிகத் தொலைவில் மெதுவாக நகரும் சனியில் வந்து முடிகிற வரிசை இது. அலெக்சாண்டிரியாவில் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமியும், உஜ்ஜயினியில் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரரும் இந்தப் பங்கீட்டையே சொல்லியிருக்கிறார்கள்.

யுரேனஸை வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1781-இல். நெப்டியூன் 1846-இல், புளூட்டோ 1930-இல் வந்து சேர்ந்தன. அவை ஒவ்வொன்றாக வந்த பிறகே மேல்நாட்டு ஜோதிடர்களில் ஒரு சாரார் கும்பத்தை யுரேனஸுக்கும், மீனத்தை நெப்டியூனுக்கும், விருச்சிகத்தைப் புளூட்டோவுக்கும் கொடுத்தார்கள். இப்போது அதே தாளை மடித்தால் மூன்று இடங்களில் ஜோடி பிசகிப்போகும். அதுமட்டுமன்று, வாழ்நாளைக் கிரகங்களின் காலகட்டங்களாகப் பிரிக்கும் விம்சோத்தரி தசையின் 120 ஆண்டுகளை ஒன்பது கிரகங்களுக்கே பங்கிட்டிருக்கிறார்கள், சனிக்கு 19 ஆண்டு என்றும் ராகுவுக்கு 18 ஆண்டு என்றும். யுரேனஸுக்கு ஒரு நாள்கூட இல்லை. லக்னாதிபதிக்குத் தசையே வராத ஜாதகத்தில் பலன் நடக்கும் காலத்தை எங்கே போய்த் தேடுவது? யுரேனஸ் சூரியனைச் சுற்ற 84 ஆண்டுகள் ஆவதால் ஒரு ராசியில் ஏறத்தாழ ஏழாண்டு தங்கிவிடுகிறது, ஆகவே தனி மனிதரின் பலனுக்கு அது உதவாது என்றும் ஒரு வாதம் உண்டு. சனியும் ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருக்கிறாரே என்று எதிராளி கேட்டால் பதில் சொல்வது கடினம் என்பதால், அந்த வாதத்தை நான் அதிகம் நம்புவதில்லை.

மாம்பலத்துக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஜைமினி முனிவர் பெயரால் வழங்கும் தனி முறையில் கும்பத்துக்குச் சனியோடு ராகுவும், விருச்சிகத்துக்குச் செவ்வாயோடு கேதுவும் உடன் அதிபதிகள். அங்கேயும் அது கூட்டுப் பட்டாதான். சனியை வெளியேற்றிவிட்டு ராகுவைக் குடிவைக்கவில்லை. தங்கள் மகனுக்கு நம் வழக்கமான பராசர முறையில் கட்டம் போட்டு, தசையும் அதே முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள். அதிபதியை மட்டும் வேறு முறையிலிருந்து கடன் வாங்கினால் கணக்கு எப்படி ஒட்டும்? பராசர முறையில் ராகு, தான் நின்ற வீட்டின் அதிபதியைப் போலப் பலன் தருவார். இந்த ஜாதகத்தில் ராகு மீனத்தில் இருப்பதால் குருவையொட்டிப் பேசுவார்.

இனி வேலை. இங்குதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். லக்னாதிபதி யார் என்று தெரிந்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் அவரையே கூப்பிட்டுவிடுகிறோம். தொழிலைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது பத்தாம் வீட்டு அதிபதியை. கும்பத்துக்குப் பத்தாமிடம் விருச்சிகம், அதிபதி செவ்வாய். அவர் மகரத்தில் உச்சம் பெற்று, அதாவது முழு பலத்தோடு, பன்னிரண்டாம் வீட்டில் இருக்கிறார். மகரத்துக்கு உரிய சனியோ செவ்வாயின் விருச்சிகத்தில் இருக்கிறார். இருவரும் வீடு மாறி அமர்ந்த பரிவர்த்தனை. சனிக்கு இங்கே மூன்று பொறுப்பு: லக்னாதிபதி, விரயாதிபதி (செலவைக் குறிக்கும் பன்னிரண்டாம் வீட்டுக்கு உடையவர்), ஜீவன காரகன் (பிழைப்பைக் குறிக்கும் கிரகம்). இரண்டு வீட்டுக்கு உடையவரில் எந்த ஆதிபத்தியம் மேலோங்கும் என்றால், மூலத்திரிகோண வீட்டின், அதாவது இரண்டில் அவருக்குக் கூடுதல் பலம் தரும் வீட்டின், ஆதிபத்தியமே. சனிக்கு மூலத்திரிகோணம் கும்பம் என்பதால் லக்னாதிபதி என்ற தன்மையே முன்னால் நிற்கும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பரிவர்த்தனை என்றதும் 'தொழில் நஷ்டம்' என்று எழுதிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உச்சம் பெற்ற கிரகத்தை அப்படி ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னிரண்டாமிடம் வெளியூரையும் குறிப்பதால், சொந்த ஊரை விட்டு விலகிச் செய்யும் வேலை என்றே கொள்வேன்.

ஆனால் இவ்வளவும் லக்னம் கும்பம் என்பது உறுதியானால்தான். தாங்கள் அனுப்பிய நகலில், மூலைகளில் தடவிய மஞ்சள் சாம்பல் நிறத் திட்டாக விழுந்திருக்க, அதற்குப் பக்கத்திலேயே 'லக்னம் கும்பம் 4 பாகை' என்று பென்சிலில் குறித்திருக்கிறது. ஒரு ராசிக்கு 30 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை. தம்பி மகளின் செயலியும் கும்பம் என்றே காட்டியதற்குக் காரணம் அந்த எண்தான். மேல்நாட்டுக் கணக்கு பருவங்களை ஒட்டி ராசிகளை அளக்கும் சாயன முறை, நம்முடையது நட்சத்திரங்களை ஒட்டி அளக்கும் நிராயன முறை. 1986-இல் நம் நிராயனக் கணக்குக்கும் அதற்கும் சுமார் 23 பாகை 40 கலை வித்தியாசம். நம்முடைய 4 பாகை அங்கே கும்பத்தின் இருபத்தெட்டாம் பாகைக்குள் முடிகிறது. இன்னும் மூன்று பாகை தள்ளியிருந்தால் செயலி மீனம் என்றிருக்கும்; கும்பத்தின் அதிபதியைப் பற்றிய பேச்சே அந்த வீட்டில் எழுந்திருக்காது.

லக்னம் ஒரு பாகை நகரச் சராசரியாக நான்கு நிமிடம் ஆகும். பிறந்த நேரம் கால் மணி நேரம் முந்தியிருந்தால் லக்னம் மகரம் ஆகிவிடும். அப்போதும் லக்னாதிபதி சனியேதான், மூவரும் போட்ட சண்டைக்கு வேலை இராது. ஆனால் பத்தாமிடம் துலாமாகி, தொழிலுக்கு அதிபதியாகச் சுக்கிரன் வருவார். மகர லக்னத்துக்கு ஐந்துக்கும் பத்துக்கும் உடைய யோககாரகர், அதாவது சிறப்பான நற்பலன் தருபவர், அவர். அந்த ஐப்பசியில் அவர் தன் சொந்த வீடான துலாத்தில் ஆட்சியாக, ஆனால் பின்னோக்கி நகரும் வக்கிரமாக, பலம் குன்றிய நீசச் சூரியனோடு சேர்ந்திருந்தார். நான் மேலே சொன்ன செவ்வாய்ப் பலன் அப்படியே விழுந்துவிடும்.

2.15 என்பது கடிகாரத்தைப் பார்த்து எழுதியதா, அல்லது இரண்டு மணி சுமாருக்கு என்று யாரோ வாய்வழி சொன்னதைப் பின்னால் எழுதியதா? பிரசவம் பார்த்த மருத்துவமனையின் சீட்டு வீட்டில் பத்திரமாக இருந்தால், அதிலுள்ள நேரத்தை எழுதி அனுப்புங்கள். வேலையைப் பற்றி அதன்பிறகு பேசுவோம்.