கொம்பி பொயிலர் மாற்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டற் கட்டாயமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டு 15 வருடக் கொம்பி பொயிலர் (வீட்டையும் சூடாக்கி, சுடுதண்ணீரும் சிலிண்டர் இல்லாமல் உடனுக்குடன் தருவது) நின்றுவிட்டது. புதியது பூட்ட வந்தவர், "சட்டப்படி ஸ்மார்ட் தெர்மோஸ்டற் கட்டாயம்" என்று அதற்குத் தனிக் காசு கேட்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் வந்த ‘பொயிலர் பிளஸ்’ விதிப்படி, புதிய காஸ் பொயிலரின் திறன் குறைந்தது 92 சதவீதம் இருக்க வேண்டும். நேரத்தையும் அறை வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் கருவியும் வேண்டும். கொம்பிக்கு மேலதிகமாக நாலில் ஒன்று: வெளிக்குளிருக்கு ஏற்ப ரேடியேற்றர் தண்ணீரின் சூட்டை மாற்றும் சென்சர், அறை சூடேற ஏற பொயிலரைத் தணிக்கும் தெர்மோஸ்டற், புகையோடு போகும் சூட்டை மீட்கும் பெட்டி, உங்கள் நடமாட்டத்தைக் கற்றுத் தானே இயங்கும் ஸ்மார்ட் கருவி. போனில் ஏற்றி இறக்க மட்டும் முடிகிற தெர்மோஸ்டற் இந்த நாலில் எதுவுமே இல்லை. ஆனால் ‘ஸ்மார்ட்’ என்று அதையும் விற்கிறார்கள்.

நாலில் இரண்டாவதை, அதாவது பொயிலரைத் தணிக்கும் தெர்மோஸ்டற்றை, பொயிலர் கம்பனியின் சொந்தத் தயாரிப்பாகவே கேளுங்கள். ஆனால் கம்பி பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். இது பொயிலருடன் தகவல் பரிமாறும் முனைகளில் போக வேண்டும். அவசரக்காரர் வழமையான ‘ஓன்-ஓஃப்’ முனையில் சொருகிவிட்டுப் போவார். வீடு சூடாகும், காசு கொடுத்த வசதி செத்துக் கிடக்கும். அறை கேட்ட வெப்பத்தை நெருங்கும்போது பொயிலர் திரையில் தண்ணீர்ச் சூடு இறங்க வேண்டும். 75 பாகையிலேயே நின்றால் திருப்பி அழையுங்கள். ரேடியேற்றரிலிருந்து திரும்பும் தண்ணீர் 55 பாகைக்கு மேல் இருந்தால் பொயிலர் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் சூட்டை மீட்காது; அந்த 92 சதவீதம் கடதாசியில் மட்டும்தான்.

ஒரு விலக்கு. தனிச் சிலிண்டரில் சுடுதண்ணீர் சேமிக்கும் பொயிலருக்கு அந்த நாலில் ஒன்று தேவையில்லை. அலமாரிக்குள் செப்புச் சிலிண்டர் இருந்தால் உங்களுடையது அந்த வகைதான். குழாயைத் திறந்ததும் பொயிலர் எரியத் தொடங்கினால் கொம்பி. சிலிண்டர் வீட்டுக்காரரிடமும் ‘சட்டம்’ சொல்லிப் பிடுங்குகிறார்கள்.

‘தெரிந்த பொடியன்’ மூலம் வருபவரிடம் காஸ் சேஃப் அட்டையை (காஸ் வேலை செய்யப் பதிவுபெற்றவரின் அடையாள அட்டை) கேளுங்கள். பின்பக்கத்தில் பொயிலர் வேலை இருக்கிறதா பாருங்கள். பூட்டி 30 நாளுக்குள் வேலையைக் காஸ் சேஃப்பில் பதியவேண்டியது அவர் கடமை, சான்றிதழ் தபாலில் வரும். கவுன்சிலுக்குக் கடதாசி போதும், கம்பியைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார். வீடு விற்கும் நாளில் சட்டத்தரணி கேட்பதும் அந்தக் கடதாசியைத்தான். ஆகவே கடைசித் தவணைக் காசை அது கைக்கு வரும்வரை வைத்திருக்கலாம் என்று வேலை தொடங்குமுன்னே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.