ஷிபோலேத்: கதிரா, சோதனையா, பழைய பல்லவியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில், ஒரு கட்சியின் பொருளாதாரக் கொள்கைகளைப் 'பழைய ஷிபோலேத்துகள்' என்று எழுதியிருந்தார்கள். அகராதியில் அடையாளச் சொல், வெற்று முழக்கம் என்றெல்லாம் இருக்கிறது. மூலத்தில் தானியக் கதிர் என்று பொருளாம். மகள் படிக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நூலகத் தளத்துக்குள் நுழையவும் ஷிபோலேத் என்றுதான் வருகிறதாம். இதற்கெல்லாம் என்ன சம்பந்தம்? தமிழில் எப்படிச் சொல்வது?

கே., நாகர்கோவில்

அன்புள்ள கே.,

இது எபிரேயச் சொல். கதிர் என்றும் பொருள், நீரோட்டம் என்றும் பொருள். ஆங்கிலத்துக்குப் பைபிள் வழியாகப் போனது. நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில், எப்பிராயீம் குலத்தாரைத் தோற்கடித்த கீலேயாத்தியர் யோர்தான் ஆற்றுத் துறைகளை மறித்து நிற்கிறார்கள். தப்பி வருகிறவன் 'நான் எப்பிராயீமியன் இல்லை' என்றால், 'சரி, ஷிபோலேத் சொல்லு' என்பார்கள். அவனுக்கு ஷ வராது. 'சிபோலேத்' என்பான். அங்கேயே வெட்டு. 42,000 பேர் மாண்டதாக அந்த அதிகாரம் சொல்கிறது. (கிரந்த எழுத்தே கூடாது என்கிற நம் நண்பர்கள் அந்தத் துறையைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.)

அங்கே குறிப்பது கதிரா, ஆறா என்று உரைகாரர்கள் வாதாடியிருக்கிறார்கள். கேட்டவனுக்கு அதில் அக்கறையே இல்லை. அவனுக்கு வேண்டியது ஒலி. மற்ற பொருள்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில், நம் ஆளா வேற்றாளா என்று பிரிக்கும் சோதனை. இது பழங்கதை மட்டுமல்ல. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது கொழும்பில் வழிமறித்தவர்கள், வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொன்னதாக ஈழத்தமிழர் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதன் முதல் ஒலி p அல்ல, b (baldiya); அங்கேயே தமிழ் நாக்கு மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் வெற்று முழக்கம். கட்சிக்காரர் அதைச் சொல்வது பொருளை யோசித்து அல்ல, சொல்லாவிட்டால் 'இவன் நம்ம ஆள் இல்லை' என்று ஆகிவிடும் என்பதற்காக. பொருள் போய் அடையாளம் மட்டும் மிஞ்சிய சொல். உங்கள் தலையங்கத்தில் இருப்பது இதுதான்.

நூலகத்து ஷிபோலேத் ஒரு மென்பொருள். 'இவர் எங்கள் மாணவர்' என்று பல்கலைக்கழகம் உறுதி சொன்னால் தளம் உள்ளே விடுகிறது. பெயர் வைத்தவர்களுக்கு நல்ல குறும்பு!

தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் தேடாதீர்கள். சோதனையைக் குறித்தால் ஷிபோலேத் என்றே எழுதுவேன். 'கடவுச்சொல்' என்பதை ஒப்பமாட்டேன். கடவுச்சொல்லை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், இது தெரிந்திருந்தும் வாயில் வராது. தலையங்கத்துக்குப் 'பழைய பல்லவி' போதும்.