கை நடுங்கியவரைச் சுட்டுக் கொன்ற ராணுவம்

கேள்வி: முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்த வீரர்களையே கோழைகள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றதாமே, நிஜமா? அவர்களுக்குப் பிறகாவது நியாயம் கிடைத்ததா?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: நிஜம்தான். படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காக 306 பேர். அநேகமாக எல்லோரும் சாதாரணச் சிப்பாய்கள்.

ஹாரி ஃபார் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வயது, ஊரில் மனைவியும் 3 வயது மகளும். குண்டுவீச்சுக்கு நடுவே கிடந்து கிடந்து 1915-ல் மனசு விட்டுப்போய் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேனா பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியதால் மனைவிக்குப் போன கடிதங்களை ஒரு நர்ஸ்தான் எழுதிக் கொடுத்தார். அந்த மனிதரைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், பிரான்சில் நடந்த சோம் யுத்தத்தின்போது, இனி என்னால் முடியாது என்று நின்றுவிட்டார். விசாரணை சுமார் 20 நிமிடம், அவருக்காகப் பேச ஒருவர்கூட இல்லை, அக்டோபரில் கதையை முடித்துவிட்டார்கள். அதோடு விடாமல் மனைவிக்குப் பென்ஷனும் கிடையாது என்றார்கள். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று யாருமே யோசிக்கவில்லையா?

டாக்டர்களுக்கு அப்போதே இது தெரியும் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915 பிப்ரவரியிலேயே லான்செட் மருத்துவ இதழில் ‘ஷெல் ஷாக்’ (குண்டுவீச்சின் அதிர்ச்சியில் வரும் பாதிப்பு) பற்றி எழுதிவிட்டார்; பார்வை மங்குகிறது, ஞாபகம் தப்புகிறது, ருசியும் வாசனையும்கூடப் போய்விடுகின்றன என்று. ஃபாரைச் சுட்டது அதற்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் கழித்து.

வைத்தியத்திலும் ஆள் பார்த்துத்தான். எடின்பரோ பக்கத்தில் கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் ரிவர்ஸ் என்ற மருத்துவர் (நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி 1906-ல் புத்தகம் எழுதினாரே, அவரேதான்) நோயாளிகளை உட்கார வைத்துப் பேசவிட்டார், மனசுக்குள் போட்டுப் பூட்டிவைத்தால்தான் கெடுதல் என்றார். அருமையான மனிதர், ஆனால் அது அதிகாரிகளுக்கான ஆஸ்பத்திரி. பேச்சு நின்றுபோன சிப்பாய்களுக்கோ லண்டனில் தொண்டையில் மின்சாரம் வைத்தார்கள்!

சரி, நியாயம் கிடைத்ததா என்று கேட்டீர்கள். போருக்குப் பின்னும் விடாமல் துரத்துகிற இந்த மன வேதனையை அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்ததே 1980-ல்தான், அதுவும் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் ஓயாமல் போராடிய பிறகு. பிரிட்டன் அந்த 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கிச் சட்டம் போட்டது 2006-ல். ஃபாரின் மகளுக்கு அப்போது 93 வயது. அப்பா கோழை இல்லை என்று அரசாங்கத்தைச் சொல்ல வைக்கக் குடும்பமே பல வருஷம் அலைந்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள், மன்னிப்பு உண்டு, பழைய தீர்ப்போ தண்டனையோ ரத்தாகாது என்று எழுதியிருக்கிறது. இதை முழு நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.