அம்மா எழும்பிப் போன படம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயாவுக்கு,

நீங்கள் 'கொட்டுக்காளி'யைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒரு ஞாயிறு இரவு அம்மாவையும் தம்பியையும் இருத்தி அந்தப் படத்தைப் பார்த்தோம். ரீவி பழுது. போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துத்தான் பார்த்தது. முக்கால் மணித்தியாலத்தில் தம்பி நித்திரை. அதுக்கு முன்னமே அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. "பாட்டுமில்லை, மியூசிக்குமில்லை, ஒரே ஓட்டோச் சத்தம். எனக்கு நெஞ்சுக்க என்னவோ செய்யுது, நீ பார்" எண்டு சொன்னா. இதே அம்மா 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை இரண்டு தரம் பார்த்து அழுதவ. 'மெய்யழகன்' பார்த்த அண்டைக்கு விடிய விடிய நித்திரையில்லை. எனக்கும் அந்த இரண்டும்தான் பிடித்தது. நாங்கள் அழுது பார்க்கிற படங்களை உங்களைப் போல எழுதுகிற ஆக்கள் ஏன் ஒரு படி கீழே வைக்கிறீர்கள்? எங்களுக்கு ரசனை காணாதா?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அம்மா சொன்ன இடத்தில்தான் நின்றேன். "நெஞ்சுக்க என்னவோ செய்யுது." அலுப்படித்தவர் சொல்லுகிற கதையா இது? அலுப்படித்தால் கொட்டாவி வரும், தம்பியைப் போல நித்திரை வரும். அம்மாவுக்கு நித்திரை வரவில்லை. அவவுக்கு அந்தப் படம் தாங்க ஏலாமல் போயிருக்கிறது. இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜ் அந்தப் படத்தை எதுக்காக எடுத்தாரோ, அதை அவர் நினைத்ததிலும் கூடுதலாக வாங்கிக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறா உங்கள் அம்மா.

படம் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு சாதிப் பெடியனை விரும்பின மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அவளை ஓட்டோவில் ஏற்றி, காலில் கயிறு கட்டின சேவலும் கையுமாகச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். கதை அவ்வளவுதான். அன்னா பென் நடித்த மீனா படம் முழுக்க வாய் திறப்பது ஒரே ஒரு தரம். அவளைக் கலியாணம் முடிக்க இருக்கிற பாண்டிக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, வராத குரலில் கத்துகிறான். பாண்டியாக நடித்த சூரி அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தாரோ தெரியாது, கேட்கிற எங்களுக்கே தொண்டை நோகும். பின்னணி இசை என்று ஒரு துளியும் இல்லை. ஓட்டோ எஞ்சின், காற்று, சேவல், ஆட்களின் மூச்சு.

இலங்கைப் போருக்குள் வாழ்ந்த எங்கள் வன்னிச் சனம் காதால் உயிர் பிழைத்த சனம். மேலே வண்டு, அதுதான் ஆளில்லா வேவு விமானம், இரைந்தால் அடுத்தது என்ன வரும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. தூரத்தில் செல் (எறிகணை) குத்துகிற சத்தம் கேட்கும். அதுக்கும் வந்து விழுகிறதுக்கும் இடையில் கொஞ்ச நேரம் இருக்கும். அந்த நேரத்தில் கோழியும் கத்தாது. பதுங்குகுழிக்குள் பக்கத்தில் இருக்கிறவரின் மூச்சு மட்டும் கேட்கும். சத்தமில்லாத நேரம் எங்களுக்கு நிம்மதியான நேரமாக ஒரு நாளும் இருந்ததில்லை. இந்தியாவில் இந்தப் படத்தைப் பற்றி எழுதினவர்கள் 'மௌனம்' என்று எழுதினார்கள். அம்மாவுக்கு அது மௌனமாகக் கேட்டிருக்காது. ஏதோ வரப்போகிறது என்று கேட்டிருக்கும். படமும் அதைத்தான் சொல்லுகிறது. மீனாவுக்கும் ஏதோ வரப்போகிறது.

ரசனை காணாதா என்று கேட்கிறீர்கள். எங்கள் ஆட்கள் படத்தைப் பார்க்க முதல் கேட்கப் பழகினவர்கள். 1990க்குப் பிறகு வன்னியில் கரண்டில்லை. பற்றரி தடை, மண்ணெண்ணெய் தங்க விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றிச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். றேடியோவில் ஒலிச்சித்திரம் போகும்; படத்தின் வசனமும் பாட்டும் மட்டும், முகம் இல்லை. சுற்றுகிறவன் களைத்தால் சத்தம் மங்கும். கதை நல்ல இடத்தில் நிற்கும்போது "சுத்தடா, சுத்தடா" என்று பெரியம்மா கத்துவா. நான் முதல் முதல் அழுத படம் அப்படிக் கேட்ட ஒரு படம்தான். அதைப் பிறகு கண்ணால் பார்த்தபோது நான் கேட்ட படத்தில் பாதிகூட அதில் இருக்கவில்லை.

2002இல் போர்நிறுத்தத்தோடு வன்னிக்கு ஏ9 பாதை திறந்த பிறகு 'கன்னத்தில் முத்தமிட்டால்' சீடியில் வந்தது. மணிரத்னத்தின் அந்தப் படம் மாங்குளத்தில் ஒரு கலியாணத்தோடு தொடங்கும். முற்றத்தில் மேசை போட்டு ரீவி வைத்தார்கள். ஜெனரேற்றர் சத்தத்தில் வசனம் கேட்காது என்று அதைப் பழைய பதுங்குகுழிக்குள் இறக்கி வயர் இழுத்தார்கள். திரையில் மாங்குளம் என்று பெயர் வந்ததும் பெடியள் விசிலடித்தாங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி ஒருவர், மாங்குளத்தில் பிறந்து வளர்ந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "உது எங்கட மாங்குளமில்லை, மோனை. யாழ்தேவி கூவுறதைக் காணேல்லை." படம் எடுத்தது இந்தியாவில். அதைவிட, 1990க்குப் பிறகு அந்த நாள் வரைக்கும் அந்தத் தண்டவாளத்தில் யாழ்தேவியென்ன, ஒரு றெயிலுமே ஓடவில்லை. ஆனால் அவ தன்னுடைய ஊரைக் காதால்தான் தேடினா. அந்தக் கிழவியை விடப் பெரிய விமர்சகரை நான் சந்தித்ததில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு வருகிறேன். நானும் அழுதேன், மகள். அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். 2025 மே மாதம் அது வந்தபோது எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது. எங்கள் குடும்பம் ஒன்று, பிணமாகவோ துவக்கோடோ வராமல், சாமான் விலை தாங்காமல் கடல் தாண்டி இராமேஸ்வரத்தில் இறங்குகிறது. தகப்பனாக சசிகுமார், தாயாக சிம்ரன். அயலில் ஒரு வயதான அம்மா செத்தபோது சசிகுமார் அந்த வீட்டுக்கு முன்னுக்கு நிற்பாரே, அது எங்கள் ஊர்ச் செத்தவீட்டுப் பழக்கம். கூப்பிடாமல் போய்ப் பந்தல் போடுகிற மனிசரை அந்தப் படம் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது.

எனக்கு அதில் இரண்டு மனக்குறை. அந்தக் குடும்பத்திடம் 'உங்கட தமிழைக் கதைக்காதேங்கோ' என்று சொல்லுகிறார்கள். வாயைத் திறந்தால் பிடிபடுவம் என்று வாழ்கிறது எவ்வளவு பெரிய விஷயம்! வவுனியாச் சோதனைச் சாவடியிலும் கொழும்பு பஸ்ஸிலும் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள். படம் அதைச் சிரிப்பாக்கிக் கடந்து போய்விடுகிறது. கையில் வந்த வைரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போன மாதிரி எனக்குப் பட்டது. மற்றது, ஒவ்வொரு உருக்கமான இடத்திலும் மனிசர் கதைக்க முதலே இசை வந்து நிற்கிறது. ஷான் ரோல்டன் நல்ல இசைக்காரர், பாட்டுகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் சிம்ரனின் முகம் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அந்த இசை விடவில்லை. அம்மா அழுத அழுகை உண்மை. இசை கொஞ்சம் பொறுத்து வந்திருந்தாலும் அவ அழுதிருப்பா என்பதுதான் என் எண்ணம். 1983க்குப் பிறகு போன எங்கள் சனத்தில் பல்லாயிரம் பேர் குடியுரிமை இல்லாமல் தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் இருக்கினம். அவர்கள் படத்தில் அந்தக் குடும்பத்தை ஏற்றுக்கொள்கிற கொலனிச் சனத்தின் அன்பைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்றும் யோசித்தேன்.

'மெய்யழகன்' வேறு. பிரேம்குமார் ஆட்களைப் பேச விடுகிறார்; இரவு முழுக்கப் பேச விடுகிறார். நீளம் என்று சொல்லி வெளியான சில நாளிலேயே 18 நிமிடமளவில் வெட்டினார்கள். வெட்டியிருக்கக் கூடாது. 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போகிற குடும்பம் ஒரு சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறது. அந்தச் சைக்கிள் வேறொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று அரவிந்த்சாமிக்கு இருபது வருஷத்துக்கு மேல் கழிந்துதான் தெரியவருகிறது. அம்மா ஏன் விடிய விடிய நித்திரை கொள்ளவில்லை என்று எனக்கு விளங்குது. இடம்பெயர்ந்தபோது நாங்கள் ஒவ்வொரு ஊரிலும் எத்தனை சைக்கிளை விட்டுவிட்டு வந்தோம். என்னுடைய ரலி சைக்கிள் தருமபுரத்தில் ஒரு பாலை மரத்தடியில் நிற்கிறது. பூட்டின திறப்பு இப்பவும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதை ஆரும் உடைத்து எடுத்து ஓடியிருந்தால், அதில் ஒரு பிள்ளையாவது பள்ளிக்கூடம் போயிருந்தால் நல்லம் என்று அந்தப் படம் பார்த்த பிறகுதான் நினைத்தேன். அதுவரைக்கும் களவு போன சைக்கிள் என்றே நினைத்திருந்தேன். இந்தப் படத்தை நான் எந்தப் படிக்குக் கீழே வைக்க முடியும்? நான் முன்னர் எழுதியதில் அப்படி ஒரு தொனி இருந்திருந்தால் அது என் பிழை, மன்னிக்க வேணும்.

ஆனால் 'கொட்டுக்காளி'யை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போன் ஸ்பீக்கரில் அந்தப் படத்தில் பாதி கேட்காது. சூரியின் கட்டின குரலும் காற்றும் ஒரே இரைச்சலாகத்தான் வரும். இயர்ஃபோன் போட்டு நீங்கள் மட்டும் ஒருக்காப் பாருங்கோ. தம்பிக்கு அந்த மாடு வருகிற இடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கோ. றோட்டை மறித்து மாடு ஒன்று நிற்கும், அத்தனை ஆம்பிளையளும் மிரண்டுபோய் நிற்பினம், சின்னப் பிள்ளை ஒன்று வந்து சும்மா கூட்டிக்கொண்டு போகும். அந்த இடத்தில் அவன் நித்திரை கொள்ள மாட்டான். கடைசிப் பகுதியில் சாமியாடி தன்னிடம் பேயோட்டக் கொண்டுவந்த வேறொரு பெண்ணைத் தொடுகிற விதத்தைப் பாண்டி பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தையும் தவறவிடாதேங்கோ. படம் அதுக்குப் பிறகு முடிவைச் சொல்லாமல் நிற்பது எனக்குக் கொஞ்சம் திட்டமிட்டதாகப் பட்டது, ஆனால் பாண்டியின் அந்த முகத்துக்காக மன்னித்துவிட்டேன்.

அம்மாவை மறுபடி இருத்த வேண்டாம். அவ பார்த்தது காணும். ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கோ: எந்த இடத்தில் எழும்பினவ? ஓட்டோவின் எஞ்சினை நிறுத்தின ஏதோ ஓரிடமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.