வீட்டில் சுடும் பேர்கர் ஏன் காய்ந்து இறுகிப்போகிறது?

குடும்பத்துக்கு பேர்கர் சுட்டால் இறைச்சி வறண்டு, நடுவில் புடைத்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை பெரும்பாலும் அடுப்பில் இல்லை, இறைச்சிக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. கொழுப்பை முழுக்க வெட்டி எறிந்துவிட்டு அரைத்த மாட்டிறைச்சி இதற்குச் சரிவராது. கிலோவுக்கு 200 கிராம் அளவு கொழுப்பு இருக்கட்டும் என்று முதலே சொல்லி, கண்முன்னே அரைப்பித்து வாங்குங்கள்.

அடுத்தது உப்பு. கட்லட்டுக்குப் பிசைந்த பழக்கத்தில் உப்பு, வெங்காயம், முட்டை எல்லாம் போட்டுப் பிசைந்துவிடுகிறோம். உப்புப் பட்டு பிசையப் பிசைய இறைச்சியின் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டி, சொசேஜ் மாதிரி இறுகிவிடும். அதனால் பிசையாமல் மெதுவாகத் தட்டி, பணிஸைவிடக் கொஞ்சம் அகலமாக்கி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி அமுக்குங்கள். ஓரம் சுருங்கும்போது நடு புடைக்காது. உப்பும் மிளகும் சுடுவதற்குச் சற்று முன் மேலே தூவினால் போதும்.

வெள்ளவத்தை பிளாட் பல்கனியில் கரி மூட்டினால் அயலவரோடு வீண் சண்டைதான். கனமான இரும்புக் கிறில் சட்டி போதும். முற்றம் உள்ளவர்கள் சிரட்டைக்கரி பாவிக்கலாம், சாம்பல் பூத்த பிறகு வையுங்கள். சுடும்போது கரண்டியால் அமுக்கவே அமுக்காதீர்கள், சாறெல்லாம் நெருப்புக்குப் போய்விடும். அரைத்த இறைச்சியில் கிருமி உள்ளேயும் கலந்திருக்கும் என்பதால் நடுவில் 71 பாகை செல்சியஸ் வரவேண்டும். கோழி என்றால் 74.

அப்புறம், பணிஸின் வெட்டிய பக்கத்தில் பட்டர் பூசி அதே சட்டியில் வாட்டுங்கள். மேலே ஒரு கரண்டி சீனிச்சம்பல் வைத்தால் எங்கள் வீட்டில் யாரும் சோஸ் போத்தலைத் தேடுவதில்லை.